மேப்பிள் வாசம் அஞ்சறைப்பெட்டியில இருக்கு: கருப்பட்டி ஓட்ஸ் குக்கீஸ்

வெந்தயத்த வெறும் சட்டியில லேசா வறுத்து மூக்குகிட்ட கொண்டு போய்ப் பாருங்க, கசப்பு வாசத்துக்கு அடியில ஒரு இனிப்பு வாசம் வரும். சோட்டலான்னு ஒரு வேதிப்பொருள் தான் அந்த வாசத்துக்குக் காரணம். மேப்பிள் மரத்து நீரக் காய்ச்சி எடுக்குற பாகு, அதான் மேப்பிள் சிரப், அதுலயும் அதே சோட்டலான் இருக்கு. வெளிநாட்டுல மரத்துச் சிரப்பு இல்லாம செயற்கையா மேப்பிள் வாசம் சேக்கணும்னா அதுக்கு வெந்தயச் சாறத்தான் ரெம்ப காலமா பயன்படுத்துறாங்க. இத முதல்ல படிச்சப்போ எனக்கு அம்புட்டு சந்தோசம், ஏன்னா மேப்பிள் ஓட்ஸ் குக்கீஸ்னு எந்த ரெசிபிய எடுத்தாலும் மேப்பிள் சிரப் வேணும்பாங்க, இங்க அது கெடைக்கிற கடையே கம்மி, கெடைச்சாலும் சின்ன பாட்டில் விலைக்கு ஒரு வாரத்துக்கு காய்கறி வாங்கிறலாம்.

நியூயார்க்ல 2005-ல ஒரு நாள் ஊரு பூராம் மேப்பிள் சிரப் வாசம் அடிச்சிருக்கு. சனங்க பயந்து போயி போன் மேல போன் போட்டிருக்காங்க, அதுக்கப்புறமும் அப்பப்போ வந்துக்கிட்டே இருந்திருக்கு, எங்கிட்டிருந்து வருதுன்னு யாருக்கும் தெரியல. கடைசியில 2009-ல தான் அந்த ஊரு மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காரணத்த சொன்னாரு. ஆத்துக்கு அங்கிட்டு நியூஜெர்சியில வாசனைப் பொருள் தயாரிக்கிற ஆலையில வெந்தயத்த பக்குவப்படுத்திட்டிருந்திருக்காங்க, காத்து அடிக்கிற பக்கத்துக்கு வாசம் போயிருக்கு. நம்ம ஊர்ல பிள்ளை பெத்தவங்களுக்கு வெந்தயக் களி குடுக்குறோம்ல, நெறைய சாப்பிட்டா வேர்வையிலயே அந்த வாசம் வரும், கவனிச்சவங்களுக்குத் தெரியும்.

சரி, அசல் மேப்பிள் சிரப் எப்படி வருதுன்னும் சொல்லிடுறேன், அது தெரிஞ்சா தான் நான் ஏன் கருப்பட்டிய எடுத்தேன்னு புரியும். கனடாவுல, அதுலயும் கியூபெக் மாநிலத்துல தான் உலகத்துல விக்கிற சிரப்புல பாதிக்கு மேல வருது. குளிர்காலம் முடியிற நேரம், ராத்திரி தண்ணி உறையிற குளிர், பகல்ல கொஞ்சம் வெயில், அந்த மாதிரி சில வாரத்துல மட்டும் தான் மேப்பிள் மரத்துல நல்லா நீர் ஓடும். மரத்துல சின்னதா துளை போட்டு அந்த நீரப் பிடிக்கிறாங்க. பாக்க தண்ணி மாதிரி தான் இருக்கும், இனிப்பு நூத்துல ரெண்டு பங்கு தான். அதனால 40 லிட்டர் நீரக் காய்ச்சுனா தான் 1 லிட்டர் சிரப் கெடைக்கும். விலை ஏன் அப்படி இருக்குன்னு இதுலயே தெரிஞ்சிரும். இந்த மரத்து நீர இனிப்பாக்குற வித்தைய ஐரோப்பாக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே அந்த மண்ணோட பூர்வகுடிங்க தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

இதப் படிக்கும்போது உங்களுக்கும் பதநீர் ஞாபகம் வந்திருக்கணும். பனையில ஏறி பாளையச் சீவி, புளிக்காம இருக்க உள்ள சுண்ணாம்பு தடவுன கலயத்தக் கட்டி, எறக்குன பதநீரக் காய்ச்சி சுண்ட வச்சு செரட்டையில ஊத்துனா கருப்பட்டி. அவங்களுக்கு பனிக்காலம் முடியுறப்போ, நமக்கு வெயில் ஏறுறப்போ. பதநீர்ல இனிப்பு பத்துல ஒரு பங்கு இருக்கும், அதனால மேப்பிள் அளவுக்கு காய்ச்ச வேண்டியதில்ல, ஆனா தெனம் மரம் ஏறி எறங்குற பாடு இருக்கே, அது துளை போட்டு வாளி மாட்டுறத விட பல மடங்கு பெருசு. அந்த ஒழைப்புக்கு கருப்பட்டிக்கு நாம குடுக்குற விலை ரெம்ப கம்மின்னு தான் நான் சொல்வேன். சாயல்குடிப் பக்கமிருந்து வர்ற கருப்பட்டி கீழமாசி வீதி மளிகைக் கடையில கெடைக்குது, நான் அங்க தான் வாங்குவேன்.

அதனால என் குக்கீஸுல இனிப்பு கருப்பட்டி, வாசம் வெந்தயம். இப்ப செய்முறைக்கு வர்றேன்.

முதல்ல பாகு. 100 கிராம் கருப்பட்டியத் தட்டி, அரை டம்ளருக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி ஊத்தி கரைய விடுங்க. கரைஞ்சதும் கட்டாயம் வடிகட்டணும், மண்ணு தூசி இருக்கும். 1 டீஸ்பூன் வெந்தயத்த சின்ன தீயில நெறம் லேசா மாறுற வரைக்கும் மட்டும் வறுங்க, செவக்க விட்டீங்கன்னா கசப்பு தான் மிஞ்சும். வறுத்தத ஒண்ணு ரெண்டா தட்டி அந்த பாகுல போட்டு பைய கொதிக்க விடுங்க, கரண்டியில ஒட்டுற பதம் வந்ததும் எறக்கி மூடி வச்சிருங்க. ஆறுறதுக்குள்ள தான் வாசம் பூராம் எறங்கும். அப்புறம் துணியில வடிகட்டி வெந்தயத்தத் தூக்கிப் போட்டுறலாம். வெந்தயப் பொடிய நேரா மாவுல போடுறத விட இது நல்லது, வாசம் வரும், கசப்பு பல்லுல சிக்காது. எங்க அப்பத்தா இந்த வாசத்துக்கு எந்திரிச்சு வந்து "என்ன பிள்ள, லேகியமா கிண்டுற, வீட்ல யாரு முழுகாம இருக்கா"ன்னு கேட்டாங்க.

ஓட்ஸ் 130 கிராம். இதுல தான் நெறைய பேரு கோட்டை விடுறாங்க, ரோல்டு ஓட்ஸ்னு போட்டது வாங்குங்க, அவிச்சு தட்டையா உருட்டுனது, அது தான் கடிக்கும்போது தெரியும். இன்ஸ்டன்ட்னு வர்றது ரெம்ப மெல்லிசா பொடிசா இருக்கும், கஞ்சிக்கு சரி, குக்கீஸுல கரைஞ்சு போயிரும். ஓட்ஸையும் நாலஞ்சு நிமிசம் வெறும் சட்டியில வறுத்துக்கிட்டா ருசியே வேற.

மாவு 130 கிராம், நான் பாதி மைதா பாதி கோதுமை போடுவேன். அதோட அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் பேக்கிங் சோடா, கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் பட்டைப் பொடி. உப்ப விட்றாதீங்க, கருப்பட்டி இனிப்புக்கு அது தான் எடுப்பு. உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், அதுல 40 கிராம் நாட்டுச் சர்க்கரையப் போட்டு நல்லா நொரைக்க அடிச்சு, ஆறுன பாக கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி கலக்கி, அப்புறம் மாவு, கடைசியா ஓட்ஸும் ஒரு கைப்பிடி வறுத்த நெலக்கடலையும். முட்டை தேவையில்ல, பாகே பிடிச்சுக்கும். வால்நட் போட்டா மேப்பிள் வாசத்துக்கு பொருத்தம் தான், ஆனா கருப்பட்டியோட நெலக்கடலை சேர்ற ருசி எனக்கு அத விட பிடிச்சிருக்கு.

ரெசிபில எல்லாம் வெண்ணெய் ரூம் டெம்பரேச்சர்ல இருக்கணும்னு எழுதியிருப்பாங்க. அது அவங்க ஊரு ரூம். சித்திரையில அழகர் ஆத்துல எறங்குற நாள்ல நம்ம அடுப்படியில வெண்ணெய வெளிய வச்சா எண்ணெயா ஓடிரும். பிரிட்ஜ்லருந்து எடுத்து விரல் வச்சா அமுங்குனாப் போதும், உடனே அடிச்சிரணும். கலந்த மாவையும் மூடி அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வைங்க, வெண்ணெய் இறுகும், ஓட்ஸ் ஈரத்த இழுத்துக்கும், தட்டுல வச்சதும் பரந்து ஓடாது. இந்த அரை மணிய யாரும் மிச்சம் பிடிக்காதீங்க.

ஓடிஜி, அதான் கரண்டுல ஓடுற சின்ன ஓவன், அத 170 டிகிரியில பத்து நிமிசம் சூடு பண்ணிட்டு, மாவ சின்ன உருண்டையா பிடிச்சு லேசா அமுக்கி, எடைவெளி விட்டு வச்சு, நடுத்தட்டுல 12-லருந்து 14 நிமிசம். கருப்பட்டி மாவு முன்னாடியே கருப்பா இருக்கும், அதனால நெறத்த வச்சு வெந்துருச்சான்னு கண்டுபிடிக்க முடியாது. ஓரம் இறுகி நடு மெத்துனு இருக்கும்போதே எடுத்துரணும். கையில எடுத்தா ஒடையும், பச்சையா இருக்கோன்னு திரும்ப உள்ள வைக்காதீங்க, தட்டுலயே பத்து நிமிசம் ஆறட்டும், தன்னால இறுகிரும்.

ஓடிஜி இல்லாதவங்க கனமான குக்கர்ல கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு, அடியில ஒரு வெரல் கனத்துக்கு கல்லுப்பு போட்டு, மேல ஸ்டாண்ட் வச்சு பத்து நிமிசம் சூடாக்கி, தட்ட உள்ள வச்சு மூடி, சின்ன தீயில 20 நிமிசத்துக்கு மேல வைக்கணும். மேல நெறம் வராது, ருசி வரும். ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு தான் வைக்க முடியும்ங்கிறது மட்டும் தான் பாடு.

டொரண்டோல இருக்குற எங்க மதினி மாதிரி யாராச்சும் அசல் மேப்பிள் கொண்டு வந்து குடுத்தா அதையும் போட்டு செய்ங்க, அதோட ருசி தனி தான், நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாட்டில்ல மேப்பிள் சிரப்னு மட்டும் தான் பொருள் பட்டியல்ல இருக்கணும். பான்கேக் சிரப்னு வர்றது பெரும்பாலும் மக்காச்சோள சிரப்புல வாசம் கலந்தது, அதுக்கு காசு குடுக்குறதுக்கு கருப்பட்டியே மேல். மேப்பிள்ல வெளுப்பான பொன் நெறம் தோசை மேல ஊத்திக்கிறதுக்கு நல்லாருக்கும், குக்கீஸுக்கு டார்க்னு போட்ட கருப்பு நெறம் தான் வேணும், லேசானது சூட்டுல காணாமப் போயிரும். அதுல மூணுல ஒரு பங்கு தண்ணிங்கிறதால சின்ன தீயில கொஞ்சம் சுண்ட வச்சு ஊத்துங்க. தெறந்த பாட்டில கட்டாயம் பிரிட்ஜ்ல வைங்க, வெளிய வச்சா பூசணம் பிடிச்சிரும்.

ஆறுன குக்கீஸ காத்து புகாத டப்பாவுல போட்டா ஒரு வாரம் இருக்கும். ரெண்டாவது நாள்ல தான் வெந்தய வாசம் நல்லா செட்டாகி அசல் மேப்பிள் கிட்ட வரும், அதனால விருந்தாளிக்கு செய்றவங்க முந்தின நாளே சுட்டு வச்சிருங்க.