அக்காவோடு உட்கார்ந்து எழுதிய தாள்

எனக்கு பைபோலார், மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் மனநோய். சில வருடங்களுக்கு முன் நோய் முற்றியபோது சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. அந்த மருந்து எனக்கு முன்பும் அப்படிச் செய்திருக்கிறது. சொன்னேன். அன்றிருந்த நிலையில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதனால்தான் அட்வான்ஸ் டைரக்டிவ், அதாவது சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவைக்கும் தாள், எழுத உட்கார்ந்தேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 5ஆவது பிரிவு. 18 வயது நிரம்பிய யாரும் எழுதலாம், இதுவரை மனநோயே வராதவர்கள்கூட. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், நம்மால் முடிவெடுக்க முடியாத நாட்களில் நமக்காகப் பேசுவது யார் என்று எழுதிவைக்கலாம். தெளிவு திரும்பியதும் மறுபடி நம் பேச்சுதான்.

முதலில் கோபத்தில், 'எனக்கு எந்த ஊசியும் போடக் கூடாது' என்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அயனாவரம் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள். "நாலு நாள் தூங்காம, ராத்திரி ரெண்டு மணிக்கு நகையெல்லாம் எடுத்துக்கிட்டு சென்ட்ரலுக்குக் கிளம்பினியே, அன்னிக்கு நான் என்னடி பண்ணணும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு மாதம், ஞாயிறுதோறும் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். ஹாலோபெரிடால் வேண்டாம், காரணம் இது. தூங்கவைக்க லோராசெபாம் போடலாம். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மருந்து ஒத்துக்கொள்கிறது, ரத்தத்தில் அளவு பார்க்காமல் கூட்டக் கூடாது. என்னைக் கட்டிவைக்கும் நிலை வந்தால் உடனே அக்காவைக் கூப்பிட வேண்டும். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம். ஷாக் ட்ரீட்மெண்ட் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். மயக்க மருந்து தராமல் அதைச் செய்வதைச் சட்டமே தடுத்திருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் எனக்குப் பாதி பயம் போனது. அக்காவை என் பிரதிநிதியாக நியமித்தேன். இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது பார்க்கும் டாக்டர் முழுதும் படித்து, நகலை என் ஃபைலில் வைத்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: அவசரச் சிகிச்சையை இந்தத் தாள் கட்டுப்படுத்தாது, மற்றபடி டாக்டரோ குடும்பத்தாரோ இதன்படி நடக்க விரும்பாவிட்டால் அவர்கள் மனநல மறுஆய்வு வாரியத்திடம்தான் போக வேண்டும். கேட்டபோது மனசு கொஞ்சம் விழுந்தது. ஆனாலும் இனி என்னிடம் கேட்காமலே எல்லாம் நடந்துவிடாது, அது எனக்குப் பெரிது. தாளை டாக்டர் கையில் சேர்ப்பது நம் பொறுப்பு என்பதால் அக்கா போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

போன மாதம் ஒரு மருந்து மாறியது. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், சரி என்று புதிதாக எழுதினோம். பழைய தாளைக் கிழித்துவிட்டு, புதியதை ரேஷன் கார்டு இருக்கும் கவரில் அக்காவே வைத்தாள்.