திரும்பிப் போகும் டிக்கெட்

பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோயில் கொடை, கல்யாணம், பால்காய்ப்பு, துக்கம் என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் வழியாகவோ மதுரை வழியாகவோ டிக்கெட் போட்டுக் கொடுக்கிறோம். எல்லோரும் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். நான் பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் கேட்பேன். ஊருக்கு வந்து சேருவதில் பெரிய சிக்கல் இல்லை. திரும்பிப் போகும்போதுதான் வேலை பறிபோகிறது.

சவுதியிலிருந்து லீவில் வருகிறவர், திரும்பவும் அங்கே நுழைய விடும் ரீ-என்ட்ரி அனுமதியோடு வர வேண்டும். வேலையை முடித்து ஒரேயடியாகக் கிளம்புகிறவருக்குக் கொடுப்பது ஃபைனல் எக்ஸிட். தங்கை கல்யாணத்துக்கு வந்த மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், சட்டைப்பையில் மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன தாளை என் மேசையில் விரித்தார். அதில் இருந்தது ஃபைனல் எக்ஸிட். அரபியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகவே அச்சாகியிருந்தது. அவருக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. கம்பெனியில் யாரும் போனை எடுக்கவில்லை. சம்பளப் பாக்கியும் அங்கேயே நின்றுபோனது.

இதைத் தொழிலாளியின் அறியாமை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தாளை எடுத்துக் கொடுத்தவருக்கு அது என்ன தாள் என்று நன்றாகத் தெரியும். 2021 மார்ச் முதல் அங்கே தனியார் நிறுவனத் தொழிலாளிகள் முதலாளியைக் கேட்காமலே ரீ-என்ட்ரி எடுக்க வழி வந்திருக்கிறது. ஆனால் வீட்டு வேலைக்காரர், வீட்டு டிரைவர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களையே விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் படித்த பிள்ளைகளும் தப்புவதில்லை. வேலை அனுமதியை நீட்டித்த கடிதம் கையில் இருந்தால் அங்கே தங்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், ஊருக்கு வந்தபின் தூதரகத்தில் புது முத்திரை வாங்காமல் விமானம் ஏற முடியாது. 2025 செப்டம்பரில், நேர்காணலுக்குப் போகாமலே முத்திரை வாங்கும் சலுகை ஏறக்குறைய நின்றுபோனது. டிசம்பரில் சமூக ஊடகக் கணக்குகளையும் பரிசோதிக்கத் தொடங்கியதும், அந்த மாதம் நேர்காணல் வைத்திருந்த பலருக்குத் தேதி 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போனது. மூன்று வார லீவில் வந்தவர் மாதக்கணக்கில் இங்கே உட்கார்ந்திருக்க, அங்கே வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

துக்கத்துக்கு ஓடி வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அப்பா போய்விட்டார் என்று கேட்டவரிடம் தேதியைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அதனால், வேலையில் இருக்கும்போதே பாஸ்போர்ட், இக்காமா என்கிற சவுதி குடியிருப்பு அட்டை, விசா மூன்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறேன். முதலாளி கொடுக்கும் தாளையும் விமான நிலையத்துக்குப் போகுமுன் அனுப்பச் சொல்கிறேன். அரபியோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்று எங்கள் பக்கம் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள்.