ஒரே ‘டக்’

அப்பாவுக்கு இப்போது வலது காது அநேகமாகக் கேட்பதில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்திலேயே முப்பது வருஷத்துக்கு மேல் நின்றதில் போன காது அது. ஆனாலும் எங்கள் வண்டியில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் இரண்டு கார்புரேட்டர்களையும் ஒன்றுபோல் வேலை செய்ய வைத்ததில் பாதி வேலை அவருடையது. காதால் இல்லை, விரலால்.

வண்டி ராஜ்தூத் 350. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இங்கே அந்தப் பெயரில் கொண்டு வந்தது. டூ ஸ்ட்ரோக், 347 சிசி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். ஜப்பான் வண்டியின் சக்தியை நம் ஊருக்காகக் குறைத்துத்தான் விற்றார்கள். முதலில் வந்ததில் 30.5 குதிரைத்திறன், பிறகு வந்ததில் 27. எங்களுடையது முதல் வகை. அப்பா 1991-இல் ஒரு அதிகாரியிடம் வாங்கியது. அப்போது நான் பால்வாடி.

ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு கிடையாது. இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி கார்புரேட்டர். ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரே கேபிள் கிளம்பி, டேங்குக்கு அடியில் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் ஆயில் பம்புக்கும் போகிறது. கைப்பிடியைத் திருகினால் இரண்டு கார்புரேட்டரிலும் காற்று வழியைத் திறந்து மூடும் சிலைடு ஒரே நேரத்தில், ஒரே அளவு மேலே ஏற வேண்டும். ஒன்று ஒரு மில்லிமீட்டர் முந்தினாலும் அந்தப் பக்க சிலிண்டர் இழுக்கும், மற்றது அதன்மேல் சாய்ந்துகொண்டு வரும். நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டியது மாதிரிதான்.

போன வருஷம் ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார்கள். அன்றிலிருந்து எஞ்சின் 3000 ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டும்போது கால்மிதியில் ஒரு கூச்சம். கைப்பிடியைத் திருகாமல் சும்மா ஓடும் ஐட்லிங்கில் வழக்கமாக வரும் அந்த மணிச்சத்தம் போய், ஒன்றுவிட்டு ஒன்று தடுக்குகிற சத்தம். திரும்பக் கொண்டு போனேன். “ஆர்டி என்றாலே அப்படித்தான் சார்” என்றார்கள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியின் டேங்க் மேல் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவன் நான்.

சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேபிள் அட்ஜஸ்டரைத் திருகித் திருகிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும், பிறகு மறுபடி அதே கதை. இடது பிளக் வெளிறிப்போய்ச் சாம்பல் பூத்திருந்தது, வலது பிளக் நல்ல பழுப்பு. பழுப்புதான் சரியாக எரிவதற்கு அடையாளம். இன்னொன்றும் கவனித்தேன். ரேஸ் செய்து சட்டென்று கையை விட்டால் ஐட்லிங் உடனே இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றது. அப்பாவிடம் சொன்னேன். திண்ணையிலிருந்து எழுந்துகூட வரவில்லை. “காத்து எங்கேயோ திருட்டுத்தனமா போகுது. அதைப் பாக்காம கேபிளை ஏன் போட்டுப் பிசையுற?” என்றார்.

கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ரப்பர் இணைப்பு இருக்கிறது. வண்டி ஓடும்போது இடதுபக்க ரப்பரில் கார்ப் கிளீனரை (கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே) லேசாக அடித்தேன், எஞ்சின் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் கிளாம்ப்புக்கு அடியில் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. டூ ஸ்ட்ரோக்கில் இது சின்ன விஷயம் இல்லை. பெட்ரோலோடுதான் உள்ளே ஆயிலும் போகிறது. கலவையில் காற்று கூடினால் சூடு ஏறும், முற்றினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கிப் பிடித்துவிடும். நான் கேபிளைத் திருகிக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரமும் இடது பிஸ்டன் வெந்துகொண்டிருந்திருக்கிறது. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. சென்னையில் இருக்கும் மாமா ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அலைந்து இரண்டு ரப்பர் வாங்கி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு வேலையை வரிசையாகச் செய்தோம். முதலில் புது ரப்பர். பிறகு பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்டின் இடைவெளி, பொறி விழும் நேரமான டைமிங், பிளக். பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் இரண்டும் ஒரே உயரமா, போகும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் நீடில் இரண்டிலும் கிளிப் ஒரே வெட்டில் இருக்கிறதா என்றும் பார்த்தோம். வலது நீடிலில் கிளிப் ஒரு வெட்டு மாறி இருந்தது, கழுவி மாட்டிய கைவேலை. கார்புரேட்டர் சமன் இதெல்லாம் முடிந்த பிறகு வருவது.

ஏர் ஃபில்டரைக் கழற்றினால் பின்பக்கமிருந்து இரண்டு சிலைடும் தெரியும். ஐட்லிங் ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தி, சிலைடு முழுக்கக் கீழே உட்காரும்படி விட்டோம். எஞ்சின் ஓடக்கூடாது. கைப்பிடியை முழுக்கத் திருகி, பட்டென்று விட்டேன். ‘டடக்’. இரண்டு சிலைடும் தனித்தனியாக விழுகிற சத்தம். சரியாக இருந்தால் ஒரே ‘டக்’ தான் வரும்.

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு ஆள்காட்டி விரலையும் இரண்டு கார்புரேட்டர் வாய்க்குள் விட்டு, நுனியைச் சிலைடின் அடியில் வைத்துக்கொண்டார். “மெதுவா திருகு” என்றார். திருகினேன். கண்ணை மூடியிருந்தார். அவருடைய இடது ஆள்காட்டி விரலில் 1980களில் வெட்டுப்பட்ட தழும்பு ஒன்று உண்டு, நகம் பாதியில் பிளந்திருக்கும். அந்த விரல் லேசாக அசைந்தது. “இடது முந்துது. ஒரு நூல்.” இடது அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று கொடுத்தேன். மறுபடி. “இன்னும் முந்துது.” கால் சுற்று. “இப்ப வலது.” கொஞ்சம் திருப்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியை விட்டுப் பார்த்தேன். ‘டக்’.

விரலை மட்டும் நம்பி விடவில்லை. 3 மில்லிமீட்டர் டிரில் பிட் இரண்டு எடுத்து, வழவழப்பான பக்கம் உள்ளே போகும்படி சிலைடுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். உள்ளே போய்விடாமல் இருக்க இரண்டிலும் நூல் கட்டியிருந்தேன், இதைத் தவறவிடாதீர்கள். சிலைடின் ஸ்பிரிங் பிட்டை அழுத்திப் பிடித்திருக்கும். மெதுவாகத் திருகினால் சிலைடு எழும்பும் கணத்தில் பிட் தளர்ந்து சாயும். இரண்டும் சேர்ந்து சாய்ந்தன. அப்பாவின் விரலுக்கும் பிட்டுக்கும் வித்தியாசம் எட்டில் ஒரு சுற்றுகூட இல்லை.

நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பலவற்றில் வேக்குவம் எடுக்கத் துளை இருக்கும், கண்ணாடிக் குழாயில் ஆயில் ஊற்றி மட்டம் பார்த்தே சமன் செய்துவிடலாம். இதில் அந்த வசதி கிடையாது.

இனி ஐட்லிங். ஐட்லிங்கில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூ இரண்டையும் மென்மையாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்தோம். வண்டியைச் சூடாக்கி, ஒரு பக்க பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு உதிரி பிளக்கைச் செருகி எஞ்சினில் எர்த் படும்படி வைத்து, மற்ற சிலிண்டரை மட்டும் ஓட விட்டோம். நின்றுவிடாமல் தட்டுத்தடுமாறி ஓடும் அளவுக்கு ஐட்லிங் ஸ்க்ரூ. பிறகு மறுபக்கம், மீட்டரில் அதே முள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் வேகம் ஏறும். இரண்டு ஸ்க்ரூவையும் சமமாகக் குறைத்துக்கொண்டு வந்தோம். ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்தேன், ஐட்லிங் மாறவில்லை. மாறியிருந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம்.

கடைசியாக ஆயில் பம்ப். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் பம்ப் கேபிளையும் பார்த்தே ஆக வேண்டும். பம்ப்பின் சக்கரத்திலுள்ள குறியும் முள்ளும் நேராக வரவில்லை என்றால் ஆயில் குறையும், இத்தனை பாடும் வீண். எங்களுடையது கொஞ்சம் பின்தங்கி இருந்தது, சரிசெய்தோம்.

அப்பா எழுந்து வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினார். இரண்டு சைலன்சருக்கும் பின்னால் இரண்டு உள்ளங்கையையும் ஒரு ஜாண் தள்ளிப் பிடித்தார். புகை விரலிடுக்கில் போனது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். “ரெண்டும் ஒண்ணாத்தான் மூச்சு விடுது” என்றார். மாறிமாறி வெடிக்கிற எஞ்சின்தான் இது, ஒன்று வெடித்து அரைச் சுற்றில் மற்றது. ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் அவரைப் பின்னால் உட்காரவைத்து சர்க்கார்பாளையம் வழியாகக் கல்லணை ரோட்டில் போனேன். நாலாவது கியரில் 3000 தாண்டியது, 4000 தாண்டியது. கால்மிதி அமைதியாக இருந்தது. கல்லணைக்குக் கொஞ்சம் முன்னால், ஓட்டத்திலேயே கிளட்ச் பிடித்து ஆஃப் செய்து, உருண்டு போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். சூடு கொஞ்சம் தணிந்ததும் பிளக் இரண்டையும் கழற்றித் துணியில் வைத்து அப்பாவிடம் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். இரண்டும் காபித்தூள் நிறம். எது இடது, எது வலது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.