எல்லை தெரியாமலே வந்த விடுதலை

இந்திய விடுதலைச் சட்டம் 1947 ஜூலை 18 அன்று அரச ஒப்புதல் பெற்றது. மொத்தம் 20 பிரிவுகள்தான். ஆகஸ்ட் 15 முதல் இந்தியா, பாகிஸ்தான் என இரு டொமினியன்கள் (பிரிட்டிஷ் முடியின் கீழ் தன்னாட்சி நாடுகள்) என்றது முதல் பிரிவு. புது அரசியலமைப்பு வரும்வரை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டமே திருத்தங்களோடு நீடிக்கும் என்றது எட்டாவது.

சிக்கல் 3, 4-ஆம் பிரிவுகளில். வங்கமும் பஞ்சாபும் பிரியும் என்று சொல்லிவிட்டு, எல்லைக் கோட்டை ஆணையத் தீர்ப்புக்கு விட்டார்கள். அதுவரை, சட்டத்தின் பின்னிணைப்புப் பட்டியலில் உள்ள மாவட்டங்கள் தற்காலிகமாகப் பாகிஸ்தானுக்கு. வங்கத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம் பட்டியலில் இருந்தது; குல்னா இல்லை. எல்லை ஆணையத் தலைவர் ராட்கிளிஃபின் வங்கத் தீர்ப்பில் இருந்த தேதி ஆகஸ்ட் 12. வெளியிட்டதோ 17. இரண்டு மாவட்டங்களும் நாடு மாறின. அந்த ஐந்து நாள் மறைப்பை என்னால் நியாயப்படுத்தவே முடியவில்லை.