பறவை பார்க்கப் போன இடத்தில் ஒரு ராக்கெட்

ராக்கெட் ஏவுவதை நேரில் பார்க்க முதல்முறை கிளம்பிப் போய் நான் பார்த்தது ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்திலுள்ள சூலூர்பேட்டை ரயில் நிலையத்தின் நடைமேடையை மட்டும்தான். காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்திருந்தேன். வண்டியை விட்டு இறங்கும்போதே கைபேசியில் செய்தி வந்துவிட்டது: ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டது, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். எதிர்த்திசை வண்டிக்காக இரண்டு மணி நேரம் அதே நடைமேடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து அந்த ராக்கெட் கிளம்பியபோது நான் அலுவலகத்தில் இருந்தேன்.

கோபப்பட ஒன்றுமில்லை. 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடங்களே இருந்தபோது கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். அதைப் பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருந்தவர்களில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தும் ஒருவர். ஒரு வாரம் கழித்து, 22ஆம் தேதி பிற்பகலில்தான் அது பறந்தது. குடியரசுத் தலைவரே பார்க்காமல் திரும்பினார் என்றால் நான் எம்மாத்திரம்?

அடுத்த முறை திட்டத்தையே தலைகீழாக மாற்றினேன். பயணம் பறவைகளுக்காக, ராக்கெட் கிளம்பினால் அது கூடுதல் லாபம். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே போகிறது. குளிர்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். பக்கத்திலேயே நேலப்பட்டு சரணாலயம், கூழைக்கடாக்கள் கூடு கட்டும் இடம். தேதி இரண்டு நாள் தள்ளினாலும் பொழுது போய்விடும்.

2024 டிசம்பர் 30, இரவு பி.எஸ்.எல்.வி-சி60 ராக்கெட் கிளம்பும் என்று அறிவிப்பு வந்தது. அரையாண்டு விடுமுறை என்பதால் அக்கா மகனும் தொற்றிக்கொண்டான். பத்தாம் வகுப்பு படிக்கிறான், ராக்கெட் விஷயத்தில் எனக்கு வாத்தியார். வான்வெளியை மூடுவதாக விமானிகளுக்கு அனுப்பும் அறிவிக்கையைத் தேடிப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான். தேதி முறையாக வெளியாவதற்கு முன்பே அதில் துப்புக் கிடைத்துவிடுவது உண்டு. ஆனால் அதில் ஒரு நாளைக் குறிக்க மாட்டார்கள், பல நாட்கள் அடங்கிய ஒரு காலத்தைக் குறிப்பார்கள். அதன் முதல் நாளை நம்பி விடுதி பிடிப்பவன் என்னைப் போல் நடைமேடையில் உட்கார வேண்டியதுதான். இந்த முறை சூலூர்பேட்டையில் மூன்று இரவுகளுக்கு அறை பிடித்தேன். இரவு பத்து மணிக்கு ஏவுகிறார்கள் என்றால் திரும்புவதற்கு ரயிலை நம்ப முடியாது.

ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019 முதல் இருக்கிறது. கட்டணம் கிடையாது, இணையத்தில் பதிவு செய்தால் போதும். அந்தப் 'போதும்' என்ற சொல்லில்தான் வம்பே இருக்கிறது. பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடும். பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் முன்பே கணினிமுன் உட்கார்ந்தோம். பக்கம் இரண்டு முறை பாதியில் நின்றது. மூன்றாவது முறை அவனுடைய கைபேசியில் உள்ளே போய்விட்டது. "நகராதீர்கள் மாமா, மூச்சுகூட விடாதீர்கள்" என்றான். அனுமதிச் சீட்டு வந்ததும் இரண்டு படி அச்செடுத்தேன். அசல் அடையாள அட்டையை அவன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, ரயில் ஏறுவதற்கு முன் அக்கா ஓடிவந்து கொடுத்தது தனிக்கதை.

30ஆம் தேதி பகல் முழுவதும் பறவைகள்தான். ஏரியின் ஆழமில்லாத நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை அலசிக்கொண்டிருந்தன. அவனுக்கு அதில் மனம் செல்லவில்லை. சி60 பக்கவாட்டில் பொருத்தும் துணை மோட்டார்கள் இல்லாத ரகம், எடை 229 டன்தான் என்பது அவன் மனக்குறை. "இஸ்ரோவின் பெரிய ராக்கெட் எல்.வி.எம்-3 என்றால் 640 டன், தெரியுமா?" என்று ஏரியைப் பார்த்துச் சொன்னான்.

மாலையிலேயே மாடத்துக்குப் போய்விட்டோம். விளையாட்டரங்கு போலப் படிப்படியாக இருக்கைகள், பெரிய திரைகள், ஒலிபெருக்கியில் வர்ணனை. 9:58 என்று இருந்த நேரத்தை 10:00 மணி 15 நொடிக்கு மாற்றியிருந்தார்கள். ராக்கெட் போகும் பாதையில் வேறு செயற்கைக்கோள் குறுக்கிடாமல் இருக்கத்தான் இந்த இரண்டு நிமிடம் என்று அவன் விளக்கினான். பழைய அனுபவம் எனக்கு. 'தாமதம்' என்று காதில் விழுந்ததுமே வயிற்றைக் கலக்கியது.

பத்து மணிக்குக் கூட்டம் எழுந்து நின்றது. எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. மரங்களின் விளிம்பு ஆரஞ்சு நிறத்தில் வெளுத்தது. முன்வரிசையில் நின்றவர்களின் தோள், காது, தூக்கிப் பிடித்த கைபேசி எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. நெருப்பு மேலே வந்துவிட்டது, சத்தம் மட்டும் வரவில்லை. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும், அதை வைத்துத் தொலைவைக் கணக்கிடுவதாகத் திட்டம் வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு என்று தொடங்கியது நினைவிருக்கிறது. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. திடீரென்று மார்புக்கூட்டுக்குள் யாரோ தகரத்தைக் கிழிப்பது போல ஓர் அதிர்வு. காதுக்கு முன்னால் சட்டைப் பொத்தானுக்குத்தான் சத்தம் கேட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

நான் படமெடுக்கவில்லை. முதல்முறை பார்ப்பவர்கள் எடுக்காமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி. இதைவிட நல்ல படம் அன்றிரவே ஆயிரம் வந்துவிடும். அவன் எடுத்த காணொளியில் பாதி, முன்னால் நின்றவரின் தொப்பி.

ராக்கெட்டின் முதல் கட்டத்தில் இருந்த 139 டன் திட எரிபொருளும் இரண்டு நிமிடத்துக்குள் தீர்ந்துவிட்டது. பிறகு ராக்கெட் ஒரு புள்ளி, அப்புறம் அதுவும் இல்லை. வெளியே வர எங்களுக்கு ஆன நேரத்தில் அது கொண்டுபோன இரண்டு செயற்கைக்கோள்களையும் 475 கிலோமீட்டர் உயரத்தில் இறக்கிவிட்டிருந்தது. பேருந்தில் ஏறி, ஏரிச்சாலையில் வாகன வரிசையில் ஊர்ந்து, அறைக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மீதமிருந்த நாளில் நேலப்பட்டுக்குப் போனோம். கூழைக்கடாக்களை அவன் இந்த முறை நிமிர்ந்து பார்த்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் அவனிடமிருந்து செய்தி: அதே ராக்கெட்டில் போன எட்டுக் காராமணி விதைகளும் விண்வெளியில் நான்கே நாளில் முளைத்துவிட்டனவாம். இரண்டு செயற்கைக்கோள்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் வேலை 7ஆம் தேதி நடப்பதாக இருந்தது. அது 9ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது, பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. அவனுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று நானே தொலைபேசியில் அழைத்தேன்.

"அதற்கென்ன மாமா, நாம் மூன்று இரவுக்கு அறை போட்டோமே, அதுபோல்தான்" என்றான். 16ஆம் தேதி இணைந்துவிட்டது.