டிக்கெட் இருந்தது, மலை மூடியிருந்தது

டால் ஆட்டு வேட்டை ஆகஸ்ட் 10-இல் தொடங்கும். அதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 2022 ஜூலையில், நான் போகவிருந்த மலையை மூடிவிட்டார்கள்.

அலாஸ்காவில், ஃபேர்பேங்க்ஸில் இருக்கிறேன். வேலைக்காக வந்தவன். ஒரு நண்பர் இழுத்துவிட்டதில் வில்வேட்டைப் பழக்கம் தொற்றிக்கொண்டது. "ஏங்க, ஒரு ஆட்டுக்கறிக்கு இவ்வளவு பாடா? கடையில கிடைக்காததா?" என்று வீட்டில் கேட்டபோது சரியான பதில் என்னிடம் இல்லை. இப்போதும் இல்லை.

டால் ஆடு என்பது வெள்ளை வெளேரென்று இருக்கும் காட்டுச் செம்மறி. நம் ஊர் வரையாட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வரையாட்டைத் தொட்டாலே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜெயில். இங்கே கிடாவை மட்டும், நிபந்தனைகளோடு, வேட்டையாடலாம். வெளிமாநிலத்தார் என்றால் அதிலும் வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டும், அல்லது இங்கே வசிக்கும் நெருங்கிய உறவினர் கூட வர வேண்டும். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. இங்கேயே பன்னிரண்டு மாதம் தங்கிவிட்டால் உள்ளூர்க்காரர் கணக்கு.

வில் தூக்குகிறவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சான்று தேவை. அதற்கு வகுப்பு, எழுத்துத் தேர்வு, அப்புறம் ரப்பர் நுரையில் செய்த மிருகப் பொம்மைகள் மேல் அம்பு விடும் தேர்வு. கரடிப் பொம்மையின் முதுகுக்கு மேலே என் முதல் அம்பு பறந்து போய்ப் புதருக்குள் விழுந்தது. தேர்வாளர் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். இரண்டாம் முறை தேறினேன்.

உண்மையில் கஷ்டமான பாடம் கிடாவின் வயதைக் கணிப்பது. சட்டப்படி சுடத்தக்க கிடா என்றால் அதன் கொம்பு ஒரு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பின் நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது எட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று போதும். வயதைக் கொம்பிலேயே படிக்கலாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொம்பின் வளர்ச்சி நின்று, வசந்தத்தில் மறுபடி தொடங்கும். நின்ற இடத்தில் ஒரு வளையம் விழும். என் தாத்தா சிவகங்கைப் பக்கம் கிடை போட்ட கீதாரி. வாயைத் திறந்து பல்லைப் பார்த்து "ரெண்டு பல்லு", "நாலு பல்லு", "கடை சேந்துருச்சு" என்று நொடியில் சொல்லிவிடுவார். இங்கே கால் கிலோமீட்டர் தள்ளிப் பாறை மேல் நிற்கும் கிடாவின் பல்லை யார் பார்ப்பது? முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கி வழியாகக் கொம்பு வளையத்தை எண்ணியாக வேண்டும்.

நண்பர் முன்பு அடித்த கிடாவின் கொம்பு அவர் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அதை மடியில் வைத்து எண்ணச் சொன்னார். நகத்தால் தடவிக்கொண்டே போனேன். பதினொன்று வந்தது. "போலி வளையத்தையும் சேத்துட்டே, ஒன்பதுதான்" என்றார். கொம்பின் பின்பக்கத்தில் ஓர் உலோகக் குமிழ் பதித்திருந்தது. அடித்த ஒரு மாதத்துக்குள் கொம்பை மாநில அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அளந்து, வயது பார்த்து, துளையிட்டு, எண் போட்ட அந்தக் குமிழை அடிப்பார்கள். வளையத்தை நாம் தப்பாக எண்ணியிருந்தால் அந்த மேசையில்தான் மாட்டுவோம்.

இத்தனையும் ஆன பிறகுதான் அந்த ஜூலைச் செய்தி. வடக்கே டால்டன் நெடுஞ்சாலையை ஒட்டிய ப்ரூக்ஸ் மலைத்தொடர்ப் பகுதியில், வேட்டைக்காக வகுத்த பிரிவுகளில் யூனிட் 24-ஏயிலும், 26-பியில் சாகவானிர்க்டோக் ஆற்றுக்கு மேற்கேயும், மத்திய அரசின் பொது நிலம் ஆட்டு வேட்டைக்கு மூடப்படுகிறது, இரண்டு பருவத்துக்கு, எல்லோருக்கும். நான் பார்த்துவைத்த இடம் அட்டிகன் கணவாய்க்கு அப்பால், அதற்குள்ளே.

ஆட்டுக்கான வேட்டைச் சீட்டு, இங்கே டிக்கெட் என்பார்கள், ஏற்கெனவே கையில் இருந்தது. உடனே ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். "உங்க டிக்கெட் செல்லும்" என்றார் எடுத்தவர். செல்லும்தான். அவர் சொன்னது மாநிலத்தின் கணக்கு. நிலம் யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பதிலை நம்பி வண்டியை எடுத்திருந்தால் குற்றவாளியாகத் திரும்பியிருப்பேன்.

இங்கே வேட்டைக்கு இரண்டு எஜமானர்கள். லைசென்ஸ், டிக்கெட், பருவம் எல்லாம் மாநிலம் தருவது. ஆனால் மத்திய அரசின் நிலத்தில், 1980-இல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டையாடிச் சாப்பிட்டு வாழும் கிராமத்தாருக்கு முன்னுரிமை. அதைக் கவனிப்பது பெடரல் சப்சிஸ்டன்ஸ் போர்டு. அதற்கு ஆலோசனை சொல்ல வட்டாரத்துக்கு ஒன்றாகப் பத்து மன்றங்கள், உள்ளூர் ஆட்களே உறுப்பினர்கள். ஃபேர்பேங்க்ஸ் கிராமக் கணக்கில் வராது. ஆக, ஊர்க்காரர்கள் நம்மை வெளியே தள்ளிவிட்டுத் தாங்கள் மட்டும் சாப்பிடப் பார்க்கிறார்கள் என்று முதலில் பொருமினேன். அப்புறம் மனுவைப் படித்தேன். மூடச் சொன்னது அந்த மன்றங்களில் ஒன்றுதான். தங்களுக்கும் சேர்த்து மூடச் சொல்லியிருந்தார்கள். அன்றோடு பொருமல் பாதி அடங்கியது.

அடுத்து வரைபடம். அந்தச் சாலையோரம் மத்திய நில நிர்வாகத் துறைக்கு ஒரு நிறம், தேசியப் பூங்காவுக்கு ஒன்று, வனவிலங்குக் காப்பிடத்துக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, மாநிலம் கேட்டுவைத்து இன்னும் கைமாறாத நிலத்துக்கு இன்னொன்று. இது போதாதென்று சாலையின் இருபுறமும் ஐந்து மைல் வரை துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது, வில் மட்டும்தான். இதையெல்லாம் ஒரே தாளில் அச்சடித்துத் தர யாருமில்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று வரைபடத்தைப் பரப்பி, ஸ்கெட்ச் பேனாவால் நானே கோடு போட்டேன். மகள் வந்து இது என்ன ட்ரெஷர் ஹன்ட்டா என்று கேட்டாள். கடைசியில் தெரிந்தது இதுதான்: மூடாத துண்டு இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலும் ஆடு இருக்காது. ஆட்டுக்கு வேண்டியது பாறை. கையில் கிடைத்ததோ தட்டைத் தரை.

அந்த ஆண்டு ஆட்டு வேட்டைக்குப் போகவில்லை. ஆடு ஏன் குறைந்தது என்று படித்துக்கொண்டிருந்தேன்.

படிக்கும் முன்பே ஒரு பங்கை என் வீட்டு வாசலில் பார்த்திருந்தேன். 2021 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஃபேர்பேங்க்ஸில் மழை கொட்டியது. உறைபனி காலத்தில் மழை. அது பனிமேல் இறங்கி, இறுகி, சிமென்ட் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பனி வாரும் மண்வெட்டி எகிறித் தெறித்தது. கடப்பாரையால் குத்தி வண்டி போகும் அளவுக்கு வழி பண்ண எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த ஐஸ் வசந்தம் வரை சாலையைவிட்டுப் போகவில்லை. ஆடு குளிர்காலத்தில் காலால் பனியைப் பறித்துத்தான் அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். மலையில் இப்படி ஒரு தகடு விழுந்தால் அது குளம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

வடக்கே ப்ரூக்ஸ் மலையில் 2013-இல் வசந்தம் தாமதமாக வந்தது. ஆடு ஈனும் காலம் மே கடைசி, ஜூன் தொடக்கம், ஈற்றுக்கு ஒரு குட்டிதான். அந்த வருடம் அந்தக் குட்டிகளும் அநேகமாகத் தங்கவில்லை. இதைப் படித்தபோதுதான் கொம்பு வளையம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. 2013-இல் பிறந்திருக்க வேண்டிய கிடா 2021-இல் எட்டு வயதை எட்டியிருக்கும். அது பிறக்கவே இல்லையென்றால், அல்லது பிறந்த வாரமே செத்திருந்தால், 2021-இல் எட்டு வளையக் கிடா எங்கிருந்து வரும்? பிந்திய மோசமான குளிர்காலங்களில் இழந்த குட்டிகளுக்கான வெற்றிடம் 2030-ஐ ஒட்டித் தெரியும். வேட்டைக்காரன் மலையேறிப் பார்க்கும் பஞ்சம் எட்டு வருடத்துக்கு முந்தைய பஞ்சம்.

2023-இன் தொடக்கத்தில் வட்டார மன்றம் கூடியபோது போனிலேயே பேசலாம் என்றார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், கிராமத்தான் நகரத்தான் பேதமில்லை. ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மேல்பாதியில் எழுதியிருந்தது இதுதான்: நாங்கள் எடுப்பது கிழக்கிடாவை மட்டும், பெட்டையையும் குட்டியையும் தொடுவதில்லை, கொல்வது குளிர்காலம், தண்டனை எங்களுக்கா? மாநில உயிரியலாளர்களும் அநேகமாக இதையேதான் சொல்கிறார்கள். முழு வட்டக் கொம்பு விதி இருக்கும்போது வேட்டையால் மந்தை குறையாது என்பது அவர்கள் கட்சி. வாதம் சொத்தையானதல்ல.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பேசினார். குரலில் அவசரமே இல்லை. சின்ன வயதில் ஜன்னலோரம் நின்றே ஆடு எண்ணுவோம், இப்போது நாள் முழுக்கத் தேடினாலும் கண்ணில் படுவதில்லை என்றார். அப்புறம் சொன்ன விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெரிய கிடா இல்லாத மலையில் இணைசேரும் பருவத்தில் இளங்கிடாக்கள் முட்டி மோதி, ஓடி அலைந்து, கொழுப்பைத் தீர்த்துவிட்டுக் குளிருக்குள் போகின்றன என்றார். கிழக்கிடா சும்மா நின்றாலே மற்றவை அடங்கி இருக்குமாம். தாத்தாவும் மந்தையில் ஒரு கிழக்கிடாவை விற்காமலே வைத்திருந்தார். வயசான காலத்தில் தனக்குத் துணைக்கு வைத்திருக்கிறார் என்று வீட்டில் கேலி செய்வோம்.

என் முறை வந்தபோது தாளின் மேல்பாதியைத் தாண்டிவிட்டேன். 2013 கணக்கை மட்டும் சொன்னேன். திறப்பதாக இருந்தால் நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம், குட்டிக் கணக்கைப் பார்த்துத் திறங்கள் என்றேன். சாலையோரம் ஒரு பலகையும், ஒரே தாளில் ஒரு வரைபடமும் வேண்டும் என்றேன். என் உச்சரிப்பு புரியாமல் ஒரு சொல்லைத் திருப்பிக் கேட்டார்கள். நன்றி சொன்னார்கள். அவ்வளவுதான்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டால்டன் பக்கம் மூடினால் அங்கே போகவிருந்தவர்கள் வீட்டில் உட்காரப் போவதில்லை. தெற்கே அலாஸ்கா மலைத்தொடருக்குப் போவார்கள். அங்கேயும் மந்தை கொழித்துக் கிடக்கவில்லை. மூடியதை ஆதரிக்கிறேன், ஆனால் இந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

2023 ஆகஸ்டில் அட்டிகன் போனேன். ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பல இடங்களில் கல்லும் புழுதியும். கரிபு மானுக்கு டிக்கெட் இருந்தது, அது கண்ணில் படவில்லை. கணவாயைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, முக்காலியை நிறுத்தினேன். முதல் ஒரு மணி நேரம் நான் ஆடு என்று நினைத்ததெல்லாம் வெள்ளைக் கல். அப்புறம் ஒரு கல் நடந்தது.

பதினொன்று. பெட்டை ஏழு, குட்டி இரண்டு, போன வருடத்துக் குட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு கிடா. கொம்பு முக்கால் வட்டம், நுனி உடையவில்லை. வளையம் எண்ணப் பார்த்தேன். வெயிலில் காற்று அலையடித்து ஐந்துக்கு மேல் பிடிபடவில்லை. ஆறு என்று வைத்துக்கொண்டாலும் அது 2017-இல் பிறந்தது. குட்டிகளில் ஒன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. நம் ஊர்க் குட்டி மாதிரியேதான், வாலை ஆட்டிக்கொண்டு.

ஒரு பிக்கப் வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள், பின்னால் வில் பெட்டிகள். "ஆடு இருக்கா?" என்றார்கள். இருக்கிறது, ஆனால் மூடியிருக்கிறது என்றேன். "எங்க டிக்கெட் செல்லும்னு சொன்னாங்களே" என்றான் ஒருவன். நான் கோடு போட்ட வரைபடத்தைப் போனில் காட்டினேன். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பிறகு தொலைநோக்கியில் கண்ணை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தான்.

ஆட்டுப் பருவம் செப்டம்பர் 20-இல் முடிந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் போனாலும் போகாவிட்டாலும் பதினைந்து நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். என் ஆட்டு டிக்கெட்டுக்கான படிவத்தை இணையத்தில் திறந்தேன். வேட்டைக்குப் போனீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்று அமுக்கியதும் படிவம் முடிந்துவிட்டது. பதினொன்று என்று எழுத அதில் இடம் இல்லை. வேறொரு தாளில், தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.