ஸ்டெபிலைசர் இருந்தும் ஆம்ப் போன கதை

போன ஆடியில் ஒரு சாயங்காலம், காற்று அடித்த அடியில் தெருக்கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. திடீரென்று கூடத்து லைட் கண் கூசும் அளவுக்கு வெளுத்தது, ஃபேன் பறந்துவிடும்போல் சுற்றியது. "டேய், மெயினை ஆஃப் பண்ணு" என்று அம்மா கத்தி, நான் ஓடிப் போவதற்குள் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் 'பட்'. ஒரே கருகல் வாடை. பாட்டு கேட்கும் ஆம்ப்பை (ஆம்ப்ளிஃபையர்) அன்று நான் போடவே இல்லை, ரிமோட்டில் அணைத்து ஸ்டாண்ட்பையில் சும்மா கிடந்தது.

லைன்மேன் பார்த்துவிட்டு "நியூட்ரல் கட்" என்றார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் பொது நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, அறுந்தால், வேறு வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் 400 வோல்ட்டுக்கு மேல் உள்ள இரண்டு ஃபேஸுக்கு நடுவே வரிசையாக மாட்டிக்கொள்கின்றன. லோடு குறைவாக ஓடும் வீட்டுக்குத்தான் அடி பலமாக விழும். அன்று எங்கள் வீட்டில் ஏசி ஓடவில்லை.

என்னிடம் ஸ்பைக் பஸ்டரும் இருந்தது, ஸ்டெபிலைசரும் இருந்தது. ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் எம்ஓவி, அதாவது அதிக வோல்டேஜை உறிஞ்சும் சின்ன பாகம், கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் ஸ்பைக்கைத்தான் தாங்கும், நிமிடக்கணக்கில் நின்றால் அதுவே கருகிவிடும். கருகியது. ஸ்டெபிலைசர் ஏற்றும், இறக்கும், சரி, ஆனால் எல்லை மீறினால் லைனைத் துண்டிக்கும் வசதி என்னுடையதில் கிடையாது. வாங்கும்போது அதைக் கேட்கத் தோன்றவில்லை, கலர் பார்த்து வாங்கினேன்!

மெக்கானிக் ஆம்ப்பைத் திறந்து காட்டினார். ஸ்டாண்ட்பை போர்டில் 400 வோல்ட் வரை தாங்கும் கப்பாசிட்டர் ஒன்று தலை வெடித்துக் கிடந்தது. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினாலே அதன் மேல் 325 வோல்ட் நிற்கும், 350 வந்தால் கிட்டத்தட்ட 500, பாவம் அது என்ன செய்யும். நல்லவேளை, உள்ளே இருக்கும் ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) ஆஃபில் இருந்ததால் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் தப்பியது. ரிமோட்டில் அணைத்தால் அணைந்துவிட்டது என்று இனி நம்பமாட்டேன், சுவர் ஸ்விட்சையும் போய் அணைக்கிறேன்.

இப்போது மெயினுக்கு அடுத்து ஒரு வோல்டேஜ் ப்ரொடெக்டர் உட்கார்ந்திருக்கிறது. வோல்டேஜ் கூடினாலோ குறைந்தாலோ மொத்த வீட்டையும் கட் பண்ணும், சரியானபின் கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் திரும்பத் தரும். எத்தனை வோல்ட்டுக்கு மேல் போனால் கட் பண்ண வேண்டும் என்பதை முதலில் 245-இல் வைத்தேன். விடிகாலையில் ஊரே ஏசியை அணைத்ததும் வோல்டேஜ் ஏறி, எங்கள் வீடு மட்டும் இருண்டு, அப்பாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது 265.

இடிக்கு மட்டும் இதையும் நம்புவதில்லை. வானம் இருட்டினால் பிளக்கோடு கேபிள் டிவி ஒயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறேன்.